சுவர் முடியும் வரை

ஏட்டு நல்லசிவம் கம்பை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டார்.

"இது எதுக்கு அண்ணாச்சி? எஸ்.பி. அய்யா முன்னாடி கம்பை ஊன்றிக்கிட்டு நின்னா பென்ஷன் வாங்க வந்த மாதிரில்லா இருக்கும். வெறைப்பா போங்க. வெறைப்பா நிக்கிறவனுக்குத்தான் அவரு எதையும் செய்வாரு."

இன்ஸ்பெக்டர் கம்பை வாங்கி ஜீப்பின் முன்சீட்டில் போட்டார்.

அது இன்ஸ்பெக்டர் வாங்கித் தந்த கம்புதான். வார்னிஷ் அடித்த பிரம்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, கட்டிலோரம் நின்று கண் கலங்கினார்.

"நீங்க தள்ளிவிடலைன்னா இந்நேரம் நான் சுவத்துல படமாத் தொங்கியிருப்பேன்."

பொய்யில்லை. மணல் லாரி வந்த வேகத்தில் இன்ஸ்பெக்டரைத் தோளால் இடித்துத் தள்ளியது அவர்தான். தன் வலது காலை இழுத்துக்கொள்ளத்தான் நேரம் இல்லை.

லாரியின் நம்பரைப் பார்த்தார். வாக்குமூலத்தில் சொன்னார்.

இன்ஸ்பெக்டருக்கு இருட்டில் எதுவும் தெரியவில்லையாம்.

தெரியாமல் இருக்கலாம். கீழே விழுந்து கிடந்தவர்தானே.

இன்று போலீஸ்காரர்களின் மனுக்களை எஸ்.பி. நேரில் கேட்கும் நாள். வராந்தா முழுக்கக் காக்கி. நல்லசிவத்தின் மனு சின்னது. மலைமேல் சோதனைச் சாவடிக்குப் போட்டிருக்கும் மாற்றல் வேண்டாம். இதே ஸ்டேஷனில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை போதும்.

மலை ஏறப் பயமில்லை. ஊர் வாய்க்குத்தான் பயம்.

லாரி வழக்கு நடக்கும்போது ஏட்டைத் தூக்கியடித்தால் ஊர் என்ன பேசும்? மணல்காரனிடம் கை நீட்டியிருப்பான் என்று பேசும். இதே ஊரில் அவருடைய அப்பாவும் ஏட்டாக இருந்தவர். அந்த வீட்டின் மேல் அப்படி ஒரு சொல் விழுந்ததில்லை.

காலையில் பூட்ஸுக்குள் அந்தக் காலை நுழைக்கவே நேரமாயிற்று. மனைவி குனிந்து கயிற்றைக் கட்டிவிட்டாள். நிமிராமலே சொன்னாள்.

"இன்னைக்கு ஒருநாளாவது நொண்டிக்கிட்டே போங்க."

அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"ஹெட் கான்ஸ்டபிள் நல்லசிவம்!"

கூப்பிட்டதும் எஸ்.பி. அறைக்குள் போனார்.

கதவிலிருந்து மேஜை வரை வழவழப்பான தரை. இன்ஸ்பெக்டர் முன்பே உள்ளே வந்து ஃபைலோடு ஒதுங்கி நின்றிருந்தார். நல்லசிவம் கையை வீசி நடந்தார். மேஜைக்கு முன் வலது காலைத் தூக்கினார்.

மெல்ல வைத்திருக்கலாம்.

ஓங்கி வைத்தார்.

அறை அதிர்ந்தது. பூட்ஸுக்குள் ஏதோ பிரிந்தது. விறைப்பாகச் சல்யூட் அடித்தார்.

எஸ்.பி. நிமிர்ந்தார். மகன் வயது. நல்ல மாதிரியான முகம்.

"கால் எப்படி இருக்கு?"

அதிகாரி கேட்டால் வாய் தானாகச் சொல்லும்.

"நல்லாருக்குங்கய்யா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

"தெரியுது. போன மாசம் டிரெயினிங் முடிச்ச பசங்க இப்படி வர மாட்டாங்க."

நல்லசிவம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். 'இல்லைங்கய்யா, கம்பு இல்லாம நடக்க முடியாது.' பார்த்தவர் சொன்னால் போதும்.

இன்ஸ்பெக்டர் ஃபைலில் ஒரு தாளைத் திருப்பினார். பிறகு அடுத்ததை.

பூட்ஸுக்குள் வெதுவெதுப்பாக ஊறியது.

அதைக் கழற்றிக் காட்டியிருக்கலாம். கம்பை வாங்கி வைத்தது யார் என்று சொல்லியிருக்கலாம். கூட நிற்கும் ஆளை மேலதிகாரி முன்னால் கைகாட்டிவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லைங்கய்யா."

எஸ்.பி. கையெழுத்துப் போட்டார்.

"மலைக்காத்து உடம்புக்கு நல்லது. போய்ட்டு வாங்க."

மறுபடி சல்யூட். திரும்பும்போதும் அதே கால். அதே சத்தம்.

பாதிக்கதவு பின்னால் ஆடியது. ஆடி அடங்குவதற்குள் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது.

"நான்தான் அப்பவே சொன்னேனேங்கய்யா. கால் எப்பவோ சரியாயிடுச்சு. வெளியதான் நடிப்பு."

அவர் வராந்தாவில் நின்றார்.

நடித்தார்தான். வெளியே இல்லை, உள்ளே.

அவர் அப்படித்தான் நடிப்பார் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே இருந்து பார்த்தவன். வலிக்கிறது என்று இந்த வாயால் வராது என்று தெரிந்த ஒரே ஆள்.

அப்படியானால் அந்த லாரி நம்பரும் தெரிந்திருக்கும்.

ஜீப் டிரைவர் ஓடிவந்தான். கையில் பிரம்பு.

"ஏட்டய்யா, உங்க கம்பு."

"இன்ஸ்பெக்டரோடது. அவர்கிட்டயே குடுத்துரு."

"ஜீப்ல ஏறலையா? இறக்கி விட்டுட்டுத்தான் போவாரு."

"இறக்கி விட்டுட்டாரு."

படியில் கைப்பிடி இருந்தது. தொடாமல் இறங்கினார். கேட்டில் நின்ற காவலன் விறைத்து நின்றான். பதிலுக்குத் தலையசைத்தார். தொப்பியைச் சரியாக்கிக்கொண்டார்.

பின்னால் மாடி ஜன்னல் திறக்கும் சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை. கையை வீசி நடந்தார். பூட்ஸுக்குள் ஒவ்வொரு அடிக்கும் சதக்கென்றது.

எஸ்.பி. ஆபீஸின் காம்பவுண்டுச் சுவர் நீளமானது.

அது முடியும் வரை அவர் நொண்டவில்லை.