மாடிப்படி ஸ்விட்ச்

"நான்தான் முதல்ல அழுத்துவேன். லைன்ல பாதி எங்களோடது."

"கரண்ட் எங்க மலையிலேர்ந்து வருது. நான்தான் முதல்ல!"

சண்டை போட்டது குழந்தைகள் இல்லை. இரண்டு நாட்டு மின்வாரியத் தலைவர்கள். ஒருவர் நம்ம சேர்மன், இன்னொருவர் பக்கத்து நாட்டு மேடம்.

அங்கே மழையில் மிஞ்சும் மின்சாரம் இங்கே வரும். இங்கே வெயிலில் மிஞ்சுவது அங்கே போகும். மலையைக் குடைந்து, எல்லை தாண்டி லைன் இழுத்து, எல்லாம் முடிந்தாயிற்று. திறப்பு விழா விளக்கை யார் போடுவது என்பதில் வந்து நின்றது.

கடைசியில் ஒரு மேஜை, இரண்டு ஸ்விட்ச், இருவரும் ஒரே நேரத்தில் என்று முடிவானது.

வேலை வாரிய எலெக்ட்ரீஷியன் தலையில் விழுந்தது. ஒரு விளக்குக்கு இரண்டு ஸ்விட்ச் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டு மாடிப்படியில் கீழே போட்டு மேலே அணைப்போமே, அது! அதையே மாட்டினார். இதைப் போட்டார், எரிந்தது. அணைத்துவிட்டு அதைப் போட்டார், அப்போதும் எரிந்தது. அதையும் அணைத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டார்.

விழாவில், "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

இருவரும் அழுத்தினார்கள். விளக்கு எரியவில்லை.

மறுபடி அழுத்தினார்கள். ஊஹூம்.

"உங்க கரண்டுக்கு வழி தெரியலையோ?" என்றார் சேர்மன்.

"வந்துச்சு. உங்க முகத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

சேர்மனின் கோபம் எலெக்ட்ரீஷியன் மேல் பாய்ந்தது. "யோவ், விளக்கு எரியலேன்னா நாளையிலேர்ந்து உன் வீட்டு அடுப்பும் எரியாது, பார்த்துக்க!"

பக்கத்திலிருந்த மைக் அதை ஹால் முழுக்கச் சொன்னது.

எலெக்ட்ரீஷியன் ஓடிவந்து மேஜைக்கு அடியில் ஒயரைப் பார்த்தார். அப்போதுதான் புத்தி வந்தது.

"ஐயா, தப்பு என்னோடதுதான். இது மாடிப்படி ஸ்விட்ச். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் அணைச்சிடறீங்க. யாராவது ஒருத்தர் அழுத்தாம இருந்தா எரிஞ்சிடும்."

"நான் சும்மா நிக்கணுமா? அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு."

மேடத்திடம் ஓடினார்.

"நானா? உங்க ஆளை நிக்கச் சொல்லு."

மூன்றாம் முறை. "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

எரியவில்லை.

"ரெண்டு பேரும் பிடிச்ச முயலுக்கு மூணே கால்!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவாங்க? பாவம், அந்த ஆளு பொழப்புல மண்ணைப் போடுறாங்களே!"

வேலை போயிற்று என்றே நினைத்து எலெக்ட்ரீஷியன் மேஜை மேல் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

சேர்மனின் கட்டைவிரல் ஸ்விட்சை விட்டுப் பக்கத்துப் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது. மேடத்தின் விரலும் அப்படியே.

சேர்மனும் அப்போதுதான் பார்த்தார். "என்னம்மா, நீங்க அழுத்தலையா?"

"அந்த ஆளு வீட்டு அடுப்பு எரியணுமே! சரி, நீங்க ஏன் அழுத்தலை?"

சேர்மன் அசடு வழிந்தார். "நானும் அதுக்குத்தான். ஏதோ கோபத்துல சொல்லிட்டேன். அதை விடுங்க, நீங்க அழுத்துங்க."

"அதெப்படி? நீங்க அழுத்துங்க."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த எலெக்ட்ரீஷியன் நடுவில் கையை விட்டு ஒரு ஸ்விட்சைத் தட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஹாலே கைதட்டியது. அவர்கள் இருவர் மட்டும் கவனிக்கவே இல்லை.

"இல்லைங்க, நீங்கதான் முதல்ல!"

"முடியவே முடியாது, நீங்கதான் முதல்ல!"