துரைக்குக் குளிர்

பதினேழு டிகிரி.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெப்பமானி அதைத்தான் காட்டியது. ‘பல்புக்குக் கீழே முப்பத்தைந்து இருக்கணும்’ என்று மகள் ஜானகி பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருந்தாள்.

காலையில் நடுவட்டம் ரோட்டில் மரம் சாய்ந்து மின்கம்பியை அறுத்துவிட்டது. பல்பு அணைந்து ஆறு மணி நேரமாகிறது.

உள்ளே தட்டைக் கல்லின் மேல் கிடந்தது துரை. ஒரு சாண் நீளம், தாடியெல்லாம் முள், ஆஸ்திரேலிய ஓணான். ஊரே சால்வைக்குள் நடுங்கும்போது தனக்கென்று தனிச் சூடு கேட்கிற பிராணிக்கு வேறென்ன பெயர் வைப்பதாம்?

குளிருக்குக் கம்பளி என்பதைத் தவிர மலையில் பிறந்தவனுக்கு என்ன தெரியும்? ஏகநாதன் காலையிலேயே தன் ஸ்வெட்டரால் துரையைப் போர்த்தி, மேலே மங்கி குல்லாவையும் கவிழ்த்திருந்தார்.

இப்போது விலக்கிப் பார்த்தார். துரை கறுத்துப்போய்க் கண் மூடிக் கிடந்தது. தட்டினால் அசைவில்லை.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கும் மகள் அவரை நம்பி விட்டுப்போன உயிர். சனிக்கிழமை வருகிறாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

நாலாவது முறை ஜானகிக்குப் போன் கிடைத்தது.

“ஐயோ அப்பா, அதுக்குச் சொந்தச் சூடு கெடையாதுங்க! கம்பளி போட்டா குளிருதான் உள்ளயே நிக்கும். எடுத்துச் சட்டைக்குள்ள நெஞ்சோட வெச்சுக்குங்க.”

சுவரில் பல்லியைக் கண்டாலே அடுத்த அறைக்குப் போகிறவர் ஏகநாதன். கண்ணை இறுக மூடிக்கொண்டு அள்ளினார். நெஞ்சில் ஈரக் கல்லை வைத்ததுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். போனில் ஜானகியின் மூச்சு மட்டும் கேட்டது.

ஒரு நகம் அவர் தோலைப் பிறாண்டியது.

அசைகிறது என்று சொல்ல வாயைத் திறந்தவர் தேம்பிவிட்டார்.

“அட, அழுகாதீங்கப்பா. போன வருசம் மொத ஓணான் செத்தப்பவும் இப்படித்தான் அழுதீங்க. அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, கரண்டு போனதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?”

துரை சட்டைக்குள் இன்னும் கொஞ்சம் மேலேறி, அவர் கழுத்தோடு ஒட்டிப் படுத்தது.

போன வருடம் கரண்ட் போகவில்லை. மகள் பஸ் ஏறிய மறுநிமிடம், அருவருப்பில் பல்பின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டது ஏகநாதன்தான்.