புகை படாத சுவர்

மூச்சின் விலை முந்நூறு வெள்ளி. அதைப் பேரத்தில் வெட்டியதுபோக மீதிக் கூலியை, பங்களா வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார் பவானேஸ்வரி அக்கா.

காளிதாஸுக்கு அதில் வருத்தமில்லை. அலோர் காஜாவில் துணிக்கடை வைத்துப் பிழைத்த அக்கா, எந்த விலைப்பட்டியலிலும் கடைசி வரியை வெட்டாமல் விடமாட்டார். அது தெரிந்தே, கொத்து வேலைக்காரனான அவனும் கடைசியில் எப்போதும் ஒரு வெட்டி வேலையை எழுதி வைப்பான். இரண்டு பேருக்கும் ஜெயித்த திருப்தி.

இந்த முறை மட்டும் அவசரத்தில் அங்கே நிஜ வேலை போய் உட்கார்ந்துவிட்டது: புகைபோக்கி உள்ளே சுத்தம், முந்நூறு வெள்ளி.

பழைய தோட்டத்துத் துரை பங்களா, அக்கா வாங்கி ஹோம்ஸ்டே ஆக்கியது. படுக்கையறைக் கணப்பு அடுப்பின் புகைபோக்கிக்குள் பறவைக் கூடும் உடைந்த செங்கல்லும் தொண்டைவரை அடைத்திருந்தன. அக்கா வெட்டியபோது அவன் வாய் திறக்கவில்லை. இந்த வேகிற ஊரில் வீட்டுக்குள் யார் தீ மூட்டப்போகிறார்கள்? ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே அறைக்குள் தெரியும் வெளிப்பக்கத்தை மட்டும் பூசினான். கரடுமுரடான செங்கல் மறைந்து, முட்டை ஓடு மாதிரி வந்தது சுவர். புகை பட்டால் வெள்ளை போய்விடும் என்று பெருமைக்கு ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தான்.

"மெதுவா பேசு தம்பி, மொத கெஸ்ட்டு. குளுவாங் ஆளுங்க, குடும்பமா வந்திருக்காங்க. ஆசப்பட்டாங்கன்னு ராத்திரி தீ மூட்டிக் குடுத்தேன்லா."

அக்கா கைப்பேசியை நீட்டினார். படத்தில் அவன் பூசிய சுவர். கீழே செக்கச்செவேலென்று கனல். முன்னால் சிரித்தபடி நான்கு பேர்.

"பாத்தியா, ஒரு பொட்டு கறுப்பு இல்ல. நீ சொன்னியேன்னு விறகு வைக்கல. பூரா கரி. புகையே கிடையாது."

கரிக்குப் புகை இல்லை. விஷம் உண்டு. அது மேலே போக இருந்த ஒரே வழி, அவன் அடைப்பெடுக்காமல் விட்ட தொண்டை.

காளிதாஸ் கணப்பு இருந்த அறையைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. ஏர்கான் குளிர் வீணாகாமலிருக்க, கதவடியில் துண்டைச் சுருட்டி இறுக்கமாகச் செருகியிருந்தார்கள்.

"அசந்து தூங்குறாங்க. காலையில பசியாற நாசி லெமாக் வாங்கி வெச்சேன், ஆறியே போச்சு. ஒருத்தரும் எந்திரிக்கல." அக்கா இன்னும் மூன்று நூறு வெள்ளித் தாள்களை அவன் கையில் திணித்தார். "இந்தா, அன்னிக்கு வெட்டுனது. வேலை சுத்தம். எனக்கு மனசு கேக்கல."

தாள்கள் தரையில் விழுந்தன. காளிதாஸ் கதவை உதைத்தான். இன்னொரு உதை. உள்ளே ஏர்கான் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

அக்காவின் கணக்கு நேராகிவிட்டது. வெட்டியதுகூட வந்து சேர்ந்துவிட்டது.

பாக்கி, கதவோரம் நான்கு ஜோடிச் செருப்பு. கடைசி ஜோடி உள்ளங்கை அகலம்கூட இல்லை.