ஃபியூஸுக்கு நன்றி

“என்ன தம்பி, எழுந்து ஓடலாம்னு பாக்குறீங்களா? நானும் மூணு வருஷம் ஓடினவன்தான். உக்காருங்க.”

எலக்ட்ரீஷியன் சொன்னதும், பாதி எழுந்துவிட்ட லாரி டிரைவர் அசடு வழிய மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பல் டாக்டரின் அறை. டாக்டரம்மா அப்போதுதான் எலக்ட்ரீஷியனின் கன்னத்தின் உட்புறத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து மெஷினுக்குள் வைத்திருந்தார். முடிவு வரப் பத்து நிமிடம் ஆகும். ஆபரேஷன் முடிந்து சரியாக ஒரு வருடம். புற்று திரும்பியிருக்கிறதா இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். எலக்ட்ரீஷியனின் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. வாய் ஓடினால் கால் நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ, பேச்சை விடவில்லை.

“வலிக்குமாண்ணே?” என்றார் டிரைவர்.

“பல் விளக்குறதைவிட லேசு. வாயிலேர்ந்து கொஞ்சம் செல்லை எடுத்து, அதுல கரண்ட்டு விட்டுப் பாப்பாங்க. பயப்படாதீங்க, கரண்ட்டு உங்களுக்கு இல்ல, செல்லுக்கு. வயருக்கு மேல உறை இருக்குல்ல, அந்த மாதிரி ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தோல் இருக்கு. நல்ல செல்லுன்னா கரண்ட்டு ஒரு மாதிரி நடந்துக்கும், கெட ஆரம்பிச்ச செல்லுன்னா வேற மாதிரி நடந்துக்கும். கண்ணுக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே போட்டுக் கொடுத்துடும். சரிதானே டாக்டரம்மா?”

“என்னைவிட நல்லாவே சொல்றீங்க. ஆனா மெஷின் சந்தேகத்தைத்தான் சொல்லும். சதையில துளி எடுத்துப் பாத்துட்டுத்தான் நாங்க முடிவு பண்ணுவோம்.”

கையில் ஃபைலோடு எலக்ட்ரீஷியனின் மனைவி உள்ளே வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது அவள் வேலை.

“இதோ வந்துட்டா! ‘புகையிலையை விடுங்க, ஒரே ஒரு தடவை வாயைக் காட்டுங்க’ன்னு மூணு வருஷம் என் காதைத் தின்னா. நான் அசைஞ்சேனா? இல்லையே! என்னை இங்க இழுத்துட்டு வந்தது யார் தெரியுமா? இவர்தான்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே விரல்நுனி நீளத்தில் ஒரு கண்ணாடி ஃபியூஸ். கண்ணாடி கறுத்து, உள்ளே இருந்த கம்பி அறுந்து போயிருந்தது.

“வீட்டுல ஒரு டப்பா நிறையச் செத்த ஃபியூஸா சேத்து வெச்சிருக்காரு,” என்றாள் மனைவி டிரைவரிடம். “எதையும் தூக்கிப் போட மனசு வராது. அதுல இதுக்கு மட்டும் நெஞ்சுல இடம்.”

“பின்னே? கேளுங்க தம்பி. போன வருஷம், அப்ப இந்த மெஷின் வந்து ஒரு மாசம்கூட ஆகலை. ஒருநாள் காலையில ஆன் ஆக மாட்டேங்குது. கம்பெனி ஆள் வர நாலு நாள் ஆகும்னுட்டாங்க. என்னைக் கூப்பிட்டாங்க. பாத்தா, ஃபியூஸ் போயிருக்கு. பின்னாடி மூடியைக் கட்டைவிரலால திருகினா கையில வந்துடும். குழந்தைகூட மாத்தலாம். மாத்தினேன், லைட் வந்துடுச்சு. ஆனா ஓட்டிப் பாக்காம ஒப்படைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மிக்ஸின்னா அரைச்சுப் பாப்பேன். ஃபேன்னா அதுக்கு அடியில பத்து நிமிஷம் உக்காருவேன்.”

“ஹீட்டரைச் சரி பண்ணப் போன வீட்டுல குளிச்சிட்டே வந்த ஆளு,” என்றாள் மனைவி.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

“இந்த மெஷினை எப்படி ஓட்டிப் பாக்குறது? நானே பிரஷ்ஷை எடுத்து என் கன்னத்துல தேய்ச்சு வெச்சேன். சிவப்பு லைட்! எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு ரெண்டு தடவை பிரிச்சு மாட்டினேன். அப்பவும் சிவப்பு. இவ வாயிலேர்ந்து எடுத்து வெச்சா பச்சை. அப்பதான் டாக்டரம்மா டார்ச்சோட வந்து வாயைத் திறக்கச் சொன்னாங்க. புகையிலை அடக்குற இடத்துல மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் படை. வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. துளி சதை எடுத்துப் பாத்தாங்க, புற்றுதான். சின்ன ஆபரேஷனோட போச்சு. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா தாடையையே எடுத்திருப்பாங்களாம். இன்னைக்கு நான் உங்ககிட்ட வாயடிக்கிறதே இந்த ஃபியூஸ் போட்ட பிச்சை!”

மெஷின் ‘டிங்’ என்றது.

வாயும் காலும் ஒரே நேரத்தில் நின்றன. மனைவி அவருடைய நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

“பச்சை. முன்னாடியே பாத்துட்டேன், வாயிலயும் ஒண்ணும் இல்ல. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

எலக்ட்ரீஷியனுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மாவைக் கும்பிட்டார். மெஷினைக் கும்பிட்டார். உறையோடு அந்த ஃபியூஸை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனைவியைத் தவிர அந்த அறையில் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லியாகிவிட்டது.

“எனக்கும் எடுத்துடுங்கம்மா,” என்று டிரைவர் தானாகவே வாயைத் திறந்தார்.

“ஒண்ணு மட்டும் இன்னும் பிடிபடலை டாக்டரம்மா,” என்றார் எலக்ட்ரீஷியன், மூக்கை உறிஞ்சியபடி. “ஸ்டெபிலைசர் இருக்கு. எர்த் சரியா இருக்கு. புது மெஷின். அந்த ஃபியூஸ் எதுக்குப் போச்சு?”

கண்ணைத் துடைக்கக் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை உருவினாள் மனைவி. கூடவே ஏதோ ஒன்று தரையில் விழுந்து, உருண்டு கணவரின் காலடியில் வந்து நின்றது.

தொழில் பழக்கம், குனிந்து எடுத்தார். கண்ணாடி ஃபியூஸ். அதே அளவு, முனையில் இந்த மெஷின் கம்பெனியின் முத்திரை. விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கம்பி அறுபடாமல் முழுசாக இருந்தது.

“அது போகவே இல்லைங்க,” என்றாள் மனைவி. “உங்க டப்பாவுலேர்ந்து செத்தது ஒண்ணை எடுத்துட்டு வந்து நான்தான் மாத்திப் போட்டேன்.”