பிறர் கை

ஓவியர் தணிகாசலத்தின் ஆரம்பகால ஓவியங்களுக்கென்று அருங்காட்சியகம் ஒரு தனிக் கூடமே ஒதுக்கியிருந்தது. அவர் மனைவி அமிர்தவல்லி வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய காசிமேட்டுப் படகுகள் ஓவியம் நடுச்சுவரில் இருந்தது. நாற்பது வருடச் சமையல் புகை போய், கடல் பளிச்சென்று தெரிந்தது.

அமிர்தவல்லி கீழ்மூலையைத்தான் முதலில் பார்த்தாள். அங்கே வெறும் மணல்.

"இங்க சின்னதா ஒரு கை இருக்குமே, நீலப் பெயின்ட்ல?"

கூடத்துப் பணியாளர் தன்யா பெருமையாகச் சொன்னாள். "ஓவியத்தைச் சுத்தம் பண்ற ஏஐ கருவி எடுத்துடுச்சும்மா. பிறர் கை பட்டதையெல்லாம் அதுவே கண்டுபிடிச்சு நீக்கிடும். இப்ப இது முழுக்க முழுக்க அவர் வரைஞ்சது. நீங்கதானே சம்மதம்னு கையெழுத்துப் போட்டீங்க?"

போட்டிருந்தாள். புகைக்கறையை எடுக்கத்தானே என்று, படிக்காமலே.

"அது எங்க பொண்ணு கை. மூணு வயசு. ஈரம் காயறதுக்குள்ள வெச்சுட்டா. அழிக்கவேணாம், இருக்கட்டும்னு அவர்தான் சொன்னார். அடுத்த மாசமே காய்ச்சல்ல போயிட்டா."

தன்யா அவசரமாகச் சொன்னாள். "சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ பதிவுல இருக்கும்மா. கருவிகிட்ட சொன்னா அச்சு அசலா அதே கையை வரைஞ்சிடும்."

"அது கருவியோட கைதானே, கண்ணு?"

கிளம்பும் முன், வீட்டில் தினமும் காலையில் செய்வதுபோல, முந்தானையால் ஓவியத்தைத் துடைத்தாள். தன்யா தடுக்கவில்லை. துணி படகுகளைத் தாண்டி இறங்கியது. கீழ்மூலைக்கு வந்ததும், வெறும் மணலைத் தொடாமல், ஒரு சின்னக் கையளவுக்கு வளைந்து போனது.