சலவைக்கூடத்தில் தொடங்கிய சபை

டயர் கடைக்கு மேலே இருக்கும் ஜெபவீட்டில், ஞாயிற்றுக்கிழமை வெயில் பாய்களின் மேல் விழுந்து கிடக்கிறது. சபையின் ஐம்பதாண்டு வரலாற்றைப் போதகர் வாசிக்கிறார்: “இச்சபையை நிறுவியவர் என் தகப்பனார்.” மருத்துவமனையில் தரை துடைக்கும் அக்கா, வேலைச் சீருடையோடே எழுந்து நிற்கிறாள். “இல்லீங்க பாஸ்டர். உங்கப்பா வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எங்கம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஜெபம் நடத்துனாங்க. அவருக்குப் பரிசுத்த ஆவியோட அபிஷேகம் கிடைச்சதே அங்கதான்.” சபை மூப்பர் ஒருவர் சிரிக்கிறார். “துணி துவைக்கிறவங்களா சபைய ஆரம்பிச்சாங்க?” அக்கா அவர் பக்கம் திரும்புகிறாள். “ஏங்க, ஆவியானவர் ஆள் பார்த்தா இறங்குறாரு?” பெண்கள் பக்கமிருந்து ஓர் அல்லேலூயா எழுகிறது, பிறகு பல. மின்விசிறிக் காற்றில் படபடக்கும் தாளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, போதகர் அந்த வரியைப் பேனாவால் நிதானமாக அடித்து நீக்குகிறார். மைக்கை அவளிடம் நீட்டுகிறார். “முதல்ல இருந்து சொல்லுங்கக்கா. நான் எழுதிக்கிறேன்.”