அசையாத அம்பு

பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் ஒரு மவுஸ் இருந்தது. செவ்வந்தி என்ற சிறுமிதான் அதை வைத்துப் பாடம் படிப்பாள்.

அன்று திரை கேட்டது: முக்கால் பெரிதா, ஐந்தில் நாலு பெரிதா? செவ்வந்தி திரையிலிருந்த அம்பை நகர்த்தவில்லை. மவுஸின் முதுகில் விரலால் ஒரு தோசையை வரைந்து, அதைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மவுஸ் சிரித்தது. "உன் ஆளு தூங்கிட்டாளா பங்காளி? நம்ம பையனைப் பாரு. எல்லா விடையையும் தட்டுவான். ஏதாவது ஒண்ணு பச்சையாகாமலா போகும்?"

திரை மங்கத் தொடங்கியது. அம்பு அசையாவிட்டால் அது பாடத்தை மூடிவிடும். இன்னொரு முறை மூடினால் செவ்வந்தியைக் கீழ்வகுப்புப் பாடத்துக்குத் தள்ளிவிடும்.

"கொஞ்சம் பொறுங்க அய்யா, அவ யோசிக்கிறா" என்று மவுஸ் கெஞ்சியது.

"அசைந்தால்தான் எனக்குத் தெரியும்" என்றது திரை.

கை நகர்த்தாமல் மவுஸ் எப்படி நகரும்? செவ்வந்தி முகம் மலர்ந்து விடையைத் தொடப் போன நேரத்தில் பாடம் மூடிக்கொண்டது. 'ஆர்வமில்லை' என்று எழுத்து வந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுநாள் கீழ்வகுப்புப் பாடம். கேள்வியைப் படிக்கும் முன்பே அவள் மவுஸை இங்கும் அங்கும் இழுத்துப் படபடவென்று தட்டினாள். ஏதோ ஒன்று பச்சையானது. திரையில் ஒரு நட்சத்திரம் மின்னியது.

"இப்பதான் நீயும் நம்மாளு" என்றது பக்கத்து மவுஸ்.

செவ்வந்தியின் மவுஸ் திரையிடம் கேட்டது: "அவளுக்குக் கணக்கு புரிஞ்சுதா அய்யா?"

"அது எனக்கெதற்கு? ஆர்வம் வந்துவிட்டது" என்று சொல்லி, திரை இன்னொரு நட்சத்திரம் போட்டது.